கை தெரியாமல் ஆற்றுவது

திருப்பாதிரிப்புலியூர் பாத்திரக் கடையில்
மொத்தமாக எடுத்த டபரா டம்ளர்
ஜோடி நூற்றி எண்பது.
மஞ்சக்குப்பம் தபால் நிலையத்தில்
தணிகாசலம் சாரின் தராசில் ஏறி
இஞ்சியோனில் இறங்கும்போது
அது முகாம் கோப்பை.
பத்தொன்பதாயிரம் வோன்.

முதல் தடவை சைபர்களைப் பார்த்து
நெஞ்சு அடைத்தது.
பிறகு வகுத்துப் பார்த்தேன்.
தபால் போக, கமிஷன் போக, பபுள் ஷீட் போக
கையில் நிற்பது
ஒன்றரைக் கிலோ கவலை மீன்.

விலாசம் அங்கே தலைகீழ்.
மாகாணம், ஊர், தெரு, கட்டடம் என்று
ஒவ்வொரு சட்டையாகக் கழற்றிக்கொண்டே வந்து
கடைசியில்தான் கதவு எண்,
அதற்கும் பிறகு ஆள்.
நாம் ஆளில் தொடங்கி
பின்கோடில் தொலைகிறோம்.

வாங்குகிறவருக்கெல்லாம் ஒரு சுங்க எண் உண்டு,
பி என்று தொடங்கிப் பன்னிரண்டு இலக்கம்.
ஒருமுறை ஏழை ஒன்றாக்கிவிட்டேன்.
பதினோரு நாள் கிடங்கில் கிடந்தது பெட்டி.
பே யூன்-சா இரண்டு நட்சத்திரம் போட்டு
மேலே ஒரு கோடு, கீழே இரண்டு கால்,
அதேபோல் பக்கத்தில் இன்னொன்று
வரைந்திருந்தார்.
கொடியில் கால்சட்டை காய்கிறது என்று நினைத்தேன்.
அழுகிற கண்ணாம்.
ரெஜினா சொன்னாள்,
நாடகம் பார்த்தே கொரியன் எழுத்துக் கூட்டுகிறவள்.
விற்பனைப் பக்கத்தில் வார்த்தைகள் அவளுடையவை,
கடன் என்னுடையது.

அங்கே வெள்ளிக்கிழமை சாயந்திரமானால்
நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு
ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுப் படுக்கிறார்களாம்.
பனியில். காசு கட்டி.
முகாம் என்றுதான் மொழிபெயர்ப்பு இயந்திரமும் சொல்கிறது.
எனக்குத் தெரிந்த முகாம்
வண்டிப்பாளையத்துப் பள்ளிக்கூடம்.
எட்டாம் வகுப்புக் கரும்பலகையில்
யாரோ அழிக்காமல் விட்ட பின்னம்,
அதற்குக் கீழே நாங்கள்,
ஒரு பொட்டலத்துக்கு இரண்டு குடும்பம்.
டம்ளர் மட்டும்
அவரவர் கொண்டுவர வேண்டும்.

கைப்பிடி இல்லாததை எப்படிப் பிடிப்பது என்று
தினமும் கேள்வி.
முகம் வேண்டாம், கை போதும் என்று
ஒரு நிமிடப் படம் எடுத்தாள் ரெஜினா.
விளிம்பில் விரல்,
மேலே டம்ளர், மேஜைமேல் டபரா,
நடுவில் ஒரு முழம் காபி.
நாலாயிரம் பேர் பார்த்தார்கள்.
நாம் கி-தே என்பவர் மட்டும்
நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார்.
விளிம்பு கூர்மையா?
உங்கள் கையை வெட்டியது இந்தக் கோப்பையா?

கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை.
எனக்கு அது ரேகை மாதிரி,
யாராவது கேட்டால்தான் ஞாபகம்.
டிசம்பர் முப்பது, தானே புயல், விடிகிற நேரம்.
எதிர்வீட்டுத் தகரம் பறந்து வந்து
கதவை அழுத்திக்கொண்டிருந்த கையோடு
இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனது.
இதை எழுதி இயந்திரத்தில் போட்டேன்.
கொரியனிலிருந்து திரும்பத் தமிழாக்கிப் பார்த்தால்
‘கோப்பை அல்ல. கூரை. காற்று மிகவும் வருந்துகிறது’
என்று வந்தது.
அப்படியே அனுப்பினேன்.

பதில் இல்லை.
அந்த வாரம் ஆர்டரும் இல்லை.

இடது கையால் ஊற்று,
அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்றாள்.
காபிக்குத் தெரிந்துவிட்டது,
மேஜையெல்லாம்.
பவுடர் அப்பினோம், ஆவியில் வழிந்தது.
அகல வளையல் ஒன்று இரவல் வாங்கினோம்,
அது டம்ளரில் இடித்துப் பள்ளிக்கூட மணி அடித்தது.
கடைசியில்
படத்தின் மேல்பாதியை வெட்டினாள்.

அன்றிலிருந்து பதினாலு பெட்டி.
சனிக்கிழமை நாம் கி-தேயும் ஒரு ஜோடி.
அவர் எண்ணை மட்டும் மூன்று தடவை சரிபார்த்தேன்.

தணிகாசலம் சார் பெட்டியை நிறுத்தபடியே
போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.
யாரும்மா ஆத்தறது?
யாரும் இல்லை சார்.
அதில் காபி
தானே விழுகிறது.