வ வராத போன்

ஐந்து வருஷம் ஓடிய போன்.
பின்பக்கம் வீங்கி, மூடி கழன்று,
ஒரு ரப்பர் பேண்டில் நிற்கிறது.
நான் வெட்டிய பாலாகவே இருக்கலாம் அந்த ரப்பர்,
யார் கண்டது.
சார்ஜர் ஓட்டையில் ஒட்டுப்பால்.
ஊக்கால் கிண்டி எடுத்தால் இரண்டு நாள் ஏறும்.

அதெல்லாம் பொறுத்தேன்.
போன கார்த்திகையில் தலைவிளக்கு அணைந்து
இருட்டில் கை நழுவிப் பாறையில் விழுந்தது.
திரையில் ஒரு நகத்தளவு செத்துப்போனது.
அதற்கு அடியில்தான் வ.

முதலில் சிரிப்பாக இருந்தது.
'வருகிறேன்' இல்லை, 'பஸ் ஏறியாச்சு'.
'விலை' இல்லை, 'ரேட் என்ன'.
வலியை 'கால் நோகுது' என்று எழுதினேன்,
பேசும்போது எப்போதும் சொல்வதுதான் அது.
தங்கை மகள் வினிஷாவின் பிறந்தநாளுக்கு
'இனிஷா குட்டிக்கு முத்தம்' என்று போயிற்று.
அவள் அதையே பெயராக வைத்துக்கொண்டாள்.

'வேண்டாம்' என்பதற்குத்தான்
மாற்று அகப்படவில்லை.
'முடியாது' எழுதலாம்.
அது கதவை அறைந்து சாத்துவது.
'இல்லை' என்றால்
எது இல்லை என்று திருப்பிக் கேட்பார்கள்.
கூப்பிட்டுச் சொல்லலாம்தான்.
அதற்கு வாய்
எனக்கு என்றைக்கும் வந்ததில்லை.

ஆகவே 'சரி' என்று எழுதினேன்.
மேலத்தோட்டத்தில் இன்னும் அறுபது மரம், சரி.
குழுவின் கணக்கு நோட்டு, சரி.
ரெஞ்சிதத்தின் லோனுக்கு ஜாமீன்,
அதற்கும் சரி.
கேரல் பாட வரும் நாற்பது பேருக்கு
என் வீட்டில் கப்பையும் மீன்கறியும்.
ஓர் எழுத்து செத்ததில் இத்தனை.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்கு அடியில் கடை.
ஷீட் விற்ற காசு பர்சில்.
ஷிஜின் என்று பெயர் குத்திய பையன்
ஏழு போனை வரிசையாகப் பரப்பினான்.
"கேமரா கொள்ளாம் அக்கா,
இருட்டிலயும் முகம் தெளிவா விழும்."
"காலத்த நாலு மணிக்கு
என் முகத்த ரப்பர் மரமாக்கும் பாக்கும்.
டார்ச்சக் காட்டு."
கடை விளக்கை அணைக்கச் சொன்னேன்.
மற்ற ஆட்கள் முணுமுணுத்தார்கள்.
அணைத்தான்.
மூன்றாவது போனின் வெளிச்சம்
எதிர்ச்சுவரில் காலண்டர் தேதியைக் காட்டியது.
அதைத் தனியே எடுத்து வைத்தேன்.

விரல் வைக்கச் சொன்னான்.
ஆசிட் தின்ற கட்டைவிரல்.
துடைத்துத் துடைத்து நாலு தடவை வைத்தும்
நான் யாரென்று அதற்குத் தெரியவில்லை.
ரேஷன் கடை மிஷினுக்கும் தெரியாது.
"நம்பர் போட்டுக்கலாம் அக்கா," என்றான் சமாதானமாக.

பிறகு தமிழ் எழுத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.
"எதையாச்சும் அடிச்சுப் பாருங்க."
வ.
வந்தது.
வே. வேண். கை நடுங்கியது.
'வேண்டாம்' என்று
திரையில் முழுசாக நின்றது.

எட்டிப் பார்த்தவன் முகம் சுருங்கியது.
"வேண்டாமா? ஐந்நூறு குறைக்கச் சொல்லுதேன் அக்கா,
ஓனர்ட்ட கேக்குதேன்."
"இல்ல மக்கா,
இதாக்கும் எனக்கு வேணும்."
அவனுக்குப் புரியவில்லை.
ஆனாலும் ஐந்நூறு குறைந்தது.

பழைய போனில் இருந்ததையெல்லாம்
புதியதில் ஏற்றிக் கொடுத்தான்.
ரப்பர் பேண்டை மட்டும் கழற்றி
நான் மணிக்கட்டில் போட்டுக்கொண்டேன்.

பஸ் மேல்புறம் தாண்டும்போது
காண்ட்ராக்ட் சுகுமாரன்:
'நாளைக்கு ஆத்துப் பக்கத்தையும் சேத்து வெட்டிரு.
எண்பது மரந்தான். சரியா?'

பதில் எழுதத் தொட்டேன்.
நான் அழுத்தும் முன்பே
மூன்று சொல் மேலே வந்து காத்திருந்தன:
சரி. சரி அண்ணா. சரி நாளைக்கு.
எல்லாம் ஏற்றித் தந்ததாக ஷிஜின் சொன்னது
இதையும் சேர்த்துத்தானா?

வ-வை மட்டும் அழுத்தினேன்.
இருக்கிறது.
மீதியை எழுத
அருமனை வரை நேரம் உண்டு.