நள்ளிரவு நிலவரப்படி

எண்ணூரில் எனக்கு விழுந்த வட்டாரத்துக்கு
ஒரு பக்கம் முகத்துவாரம், மறு பக்கம் சாம்பல் குழாய்.
நடுவில் நூற்றுப் பன்னிரண்டு கதவுகள்.
வரைபடத்தில் இருக்கும் கிணற்றைக் காணவில்லை.
வரைபடத்தில் இல்லாத ஜெபக்கூடம்
காலை ஆறுக்கே மைக் போட்டிருந்தது.

குடும்பத் தலைவர் யார் என்றேன்.
கன்னியப்பன் மார்பைத் தட்டிக்கொண்டார்.
உள்ளேயிருந்து மங்காவரம்:
"கூடை தூக்குறது நானு. குழு லோன் என் பேர்ல.
யார வேணா எழுதிக்கோ டீச்சர்,
தவணைக்காரன் கரெக்டா என்னத்தான் கூப்புடுவான்."
செயலி ஒரு பெயரைத்தான் வாங்கும்.
இரண்டு முறை மாற்றினேன்.
சிக்னல் இல்லாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பத்தேழு, தகரக் கொட்டகை. அறை ஒன்று, கட்டில் ஆறு.
ஆறு பேர் என்றான் ரகுநாத் பெஹெரா.
சுவரில் ஆணியடித்த டப்பாவில் பிரஷ் பன்னிரண்டு.
பகல் ஷிப்ட் எழுந்த சூட்டிலேயே
இரவு ஷிப்ட் வந்து படுக்கிறது.
போர்வையை யாரும் மடிப்பதில்லை.
இங்கே வந்து எத்தனை வருடம்?
விரல் மடக்கத் தொடங்கி, விட்டுவிட்டான்.
"ஆத்துல எண்ணெய் வந்துச்சே மேடம்,
அந்த மழைக்கு முன்னாடி மழை."
நானும் அப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறேன் என்பது
அப்போதுதான் உறைத்தது.

பூட்டிய வீடுகள் ஒன்பது.
பெரும்பாக்கம் போய்விட்டார்கள் என்றார்கள்.
மூன்றில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
ஒன்றில் குக்கர் விசில். தட்டினேன்,
விசில் நின்றது.
போன தடவை இங்கே எண்ண வந்தவர்கள்
வீட்டை எடுக்க வந்தவர்கள்.

அறுபத்தொன்றில் சம்பூர்ணம் நான் கேட்குமுன் சொன்னாள்:
"தேசப்பன். போனப்போ முப்பத்தெட்டு.
மூணு வருசம் ஆவுது, கூட்டிக்கோ."
உடல் கிடைக்காதவனுக்குப் பட்டியலில் தெரிவு இல்லை.
நாற்பத்தொன்று என்று போட்டேன்.
அவளுக்கு: திருமணமானவர்.
அதைத் தொட என் விரல் எடுத்துக்கொண்ட நேரத்தைச்
செயலி எங்கேயோ பதிவு செய்திருக்கும்.

மார்ச் முதல் தேதி, திருத்தச் சுற்று.
எண்பத்து நான்கின் வாசலில் பந்தல், மேளம்.
எத்திராஜின் அப்பா நாகூரான், பன்னிரண்டு நாற்பதுக்கு.
எத்திராஜின் மகள், மூன்று பத்துக்கு, ஸ்டான்லியில்.
விதி எளிது: பிப்ரவரி முடிந்த நள்ளிரவில்
மூச்சு விட்டவர் எல்லாம் உண்டு,
பிறகு வந்தவர் இல்லை.
"அப்போ எங்கப்பா கீறாரு,
பாப்பா இன்னும் பொறக்கல?"
ஆமாம்.
"எத்தினி நாளைக்கு?"
அடுத்த கணக்கு வரைக்கும்.
ஈரத் துண்டோடு நின்று யோசித்தான்.
"அதுவரைக்கும் அவருக்கு ரேஷன் அரிசி குடுப்பானா?"
பந்தலில் யாரோ சிரித்துவிட்டு
வாயைப் பொத்திக்கொண்டார்.

இரவு பஸ்ஸில் மேற்பார்வையாளர் அழைத்தார்.
"முப்பத்தேழுல ஒரு ரூம், பன்னண்டு பேர்.
பிழையா பாருங்கம்மா."
பிழைதான் சார், எண் சரி என்றேன்.
அவர் பேசவில்லை.
பஸ்ஸும் நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே
விரைவுச்சாலை முழுக்க
துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர்கள்,
ஒவ்வொன்றின் முதுகிலும்
அழியாத வெள்ளையில் எண்.