வலப்பக்க வால்

டிசம்பர். குரோனிங்கனில்
நாலு மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
மூன்றாம் மாடியில் யெல்ட்யே
தாடை தாங்கியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கிறாள்.
இன்றைக்கு அதில் முகம் பதித்தவர்கள் பதினோரு பேர்.

திரையில் அவர்கள் படித்தது இவ்வளவுதான்:
படகுகள் எல்லாம் மிதப்பவை.
மிதப்பவற்றில் சில மரத்தாலானவை.
ஆகவே படகுகளில் சில மரத்தாலானவை.
முடிவு தானாக வருகிறதா, இல்லையா?

சன்னலுக்குக் கீழே கால்வாயில்
மரப்படகு ஒன்று நிஜமாகவே நிற்கிறது.
பலரும் 'வருகிறது' என்றதற்கு அது போதும்.

சொல்லுக்குச் சொல் கண் தங்கிய நேரம்
மில்லிசெகண்டுகளாகக் குவிகிறது:
இருநூற்றுப் பத்து, நூற்றெண்பது, முந்நூற்று நாற்பது.
வீப்ரென் அதன்மேல் மணியைக் கவிழ்த்துப் பார்த்தான்,
இயல்நிலைப் பரவல், இரு பக்கமும் ஒரே சரிவு.
மணியின் இடது விளிம்பு பூஜ்யத்தைத் தாண்டிப் போயிற்று.
"பார்க்கத் தொடங்குமுன்பே பார்த்து முடித்தவர் யாரப்பா?"
என்றாள் யெல்ட்யே.

பிறகு மடக்கை. பிறகு காமா;
திமிலில் பொருந்தி, வாலில் கைவிட்டது.
பிறகு மணியோடு வால் ஒட்டித் தைத்த கலப்பு ஒன்று.
அது மூன்று எண்கள் கேட்டது.
மூன்றாவதற்கு மனசில் என்ன பொருள் என்று
இருவருக்கும் தெரியவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரே புள்ளி.
ஒன்பதாம் ஆள். பாலம் தூக்கி இறக்கும் வேலை.
'சில' என்ற சொல்லில்
நாலாயிரத்து நூற்றெழுபது.

இரண்டாயிரத்துக்கு மேல் வெட்டுவது வழக்கம், என்றான் வீப்ரென்.
தூங்கியிருக்கலாம். கருவி தவறியிருக்கலாம்.
அவள் காணொளியை ஓட்டிக் காட்டினாள்.
இமை திறந்தே இருக்கிறது.
பாவை மெல்ல விரிகிறது.

கண்ணிமைப்பை ஒரு மாத்திரை என்று எண்ணும் மொழியில்
இதை எழுதுகிறேன்.
ஓசை குறைகிற இடத்தில்
எழுத்து தன் அளவைத் தாண்டி நீளும்; அளபெடை என்போம்,
பிழை என்று அடிக்கமாட்டோம்.
யெல்ட்யேவுக்கு இது தெரியாது.
தெரிந்தாலும் ஆய்விதழ் ஏற்காது.

அவ்வளவு நேரம் நின்று பார்த்த மனிதர்
கடைசியில் அழுத்தியது என்னவோ
'வருகிறது' பொத்தானைத்தான்.

புள்ளியை வெட்டாமல்
கணினியை இரவெல்லாம் ஓடவிட்டு இறங்கினாள்.
பாலம் தூக்கியிருந்தது. மழை.
சைக்கிளில் ஒற்றைக் கால் ஊன்றி நின்றாள்,
எண்ணாமல்.

கடந்து போன படகு இரும்பு.
அதற்கடுத்ததும் இரும்பு.