டோனர் இருக்கு

சிம்மக்கல் தாண்டி, திருமலைராயர் படித்துறைப் பக்கம்
ஆறடிக்கு எட்டடி, என் ஜெராக்ஸ் கடை.
பக்கம் ஒரு ரூபாய்,
நூறுக்கு மேல் போனால் எழுபத்தைந்து காசு.
தனுஷ்கோடி சார் ஐந்நூறு கேட்டார்.

தாளைக் கண்ணாடி மேல் கவிழ்க்குமுன்
கண்ணில் பட்டுத் தொலைத்தது.
பெரிய எழுத்து, மூன்று கேள்விக்குறி,
அழுகிற பிள்ளை ஒன்று, வெள்ளைக்காரப் பிள்ளை.
அதற்கும் கீழே:
"தட்டம்மை ஒரு வாரத்தில் போய்விடும்.
ஆட்டிசம் ஆயுளுக்கும் போகாது.
பெற்றவரே, யோசியுங்கள்."

யோசிக்காமலா இருந்தேன் சார்.

கிருத்திக்குக்கு ஒன்றரை வயசு ஊசி, ஒரு புதன்கிழமை.
அடுத்த மாசம் "அம்மா" நின்றது.
"தண்ணி" நின்றது.
காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள்
படித்தவர்கள். சரிதான்.
விழுந்தது என் தலையில்.
நிமிர்ந்து பார்த்தால் காக்காதானே தெரியும்?

மூன்று வருஷம் அந்தக் காக்காவையே பார்த்தேன்.
ஊசி போட்ட ஜெசிந்தா சிஸ்டர் எதிரே வந்தால்
பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவேன்.
பிறகு ஒருநாள் சோனைமுத்து
செத்துக் கிடந்த பழைய போனுக்குச் சார்ஜ் போட,
உள்ளே காதுகுத்து வீடியோ.

பாண்டி கோயில். பதினோராம் மாசம்.
மாமன் மடியில் மொட்டைத்தலை, காயாத சந்தனம்.
கிருத்திக், இங்க பாரு, டேய் கிருத்திக்,
இங்கிட்டுப் பாருடா தங்கம் என்று
சொந்தபந்தம் மொத்தமும் கத்துகிறது.
அவன், பந்தல் ஓட்டை வழியே விழுந்த
வெயில் காசைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
ஆசாரி குத்தியதும் ஒரு அழுகை;
அழுது முடித்து மறுபடி அந்தக் காசுக்கே போய்விட்டான்.
அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.
"மருமகன் பெரிய யோசனைக்காரர்."

'அப்படின்னா அதுக்கு முந்தின ஊசிம்மா' என்பார் சார்.
அதையும் மறுத்தால் பிறந்த அன்று போட்டது.
நல்ல மனுஷர்தான், பென்ஷன் பணத்தில் அடிக்கிறார்.
வண்டியூரில் தங்கச்சி பேரனுக்கு
ஊசிக்கு மறுநாள் காய்ச்சலில் வலிப்பு வந்ததை
கிட்டத்தில் நின்று பார்த்தவர்.
அந்தப் பயத்தோடு எனக்குச் சண்டை கிடையாது.
எனக்கு உறுத்தியது அந்தப் "போகாது".
போய்த் தொலைய வேண்டிய ஒன்றா
என் வீட்டில் சோறு தின்கிறது?

அவன் அங்கேதான் இருந்தான், ஸ்டூலில்.
மூடியின் விளிம்பில் கசியும் பச்சை வெளிச்சம்
அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு
எப்போது ஊரும் என்று.

"டோனர் இல்ல சார்."
"டோனர் இருக்கு" என்றான் கிருத்திக்.
காதில் விழாத மாதிரி நின்றேன்.
"டோனர் இருக்கு. காலைல போட்டுச்சு. டோனர் இருக்கு.
டோனர் இருக்கு."
இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு
இந்தக் கடையில் ஒரு பொய் விற்க முடியாது.

"இருக்கு சார். அடிக்க மாட்டேன்."

தாளை நான்காய் மடித்துப் பையில் வைத்தார்.
"உன் நல்லதுக்குத்தாம்மா" என்றார், கோபமில்லாமல்.
எதிர்க்கடையில் எழுபது காசு.
அடித்திருப்பார்கள்.

புதன்கிழமை பாப்பாவுக்கு ஒன்பதாம் மாச ஊசி.
ஜெசிந்தா சிஸ்டர் அந்தச் சின்னக் கையைப் பிடித்தபோது
சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.
தெரிந்துவிட்டது வேறு,
வயிறு வேறு.

ராத்திரி கரண்ட் இல்லை.
குனிந்து "மகிழ்மதி" என்றேன்.
அசைவில்லை.
"மகிழ்மதி."
மூன்றாவது தரம் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

பாயின் அந்த ஓரத்திலிருந்து
கண்ணைத் திறக்காமலே கிருத்திக் சொன்னான்:
"பாப்பா தூங்குது."