நாற்பத்தொன்றாம் குழாய்

உலான்பாத்தரில், ஜனவரியில்,
இருமல் ஒரு சாட்சியே அல்ல.
கரிப்புகை கவிந்த மலைச்சரிவில்
நாய் இருமும், பேருந்து இருமும்,
பாலுக்கு வரிசையில் நிற்கும்
அத்தனை பேரும் இருமுவார்கள்.
இதில் எந்த இருமலுக்குள்
காசம் குந்தியிருக்கிறதென்று
யார் காதை வைத்துச் சொல்வது?

தொல்கூனுக்கு நான்கு வயது.
காறித் துப்பச் சொன்னால் சிரிக்கிறான்,
பிறகு விழுங்கிவிடுகிறான்.
சளி இல்லாவிட்டால் கிருமி இல்லை,
கிருமி இல்லாவிட்டால் நோய் இல்லை,
காகிதம் இப்படித்தான் பேசும்.
அவன் எடை மட்டும்
மூன்று மாதமாய் வேறு பேசுகிறது.

ஆகவே இரத்தம். இரண்டு மில்லி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
எங்கள் சின்ன உறைபெட்டி
தெருவைப் பார்த்தால் வெட்கப்படும்.
இரத்தம் உறைந்தால் அணுக்கள் வெடித்து
எது எங்கிருந்து வந்ததென்றே தெரியாது.
தாதி ஸொல்ஸயா குழாயை
அக்குளில் இடுக்கிக்கொண்டு
அடைகாக்கிறவள் போல
இரண்டு பேருந்து மாறி வந்தாள்.

சுழலி இரண்டு மணி நேரம் அலறியது.
உள்ளே ஒவ்வொரு துகளும்
தன்னைப் போல் லட்சம் மடங்கு கனத்தது.
அடியில் படிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.
தெரியாததைத் தொலைக்காமலிருக்க
குழாயின் வெளிப்புறம் பேனாவால்
ஒரு புள்ளி வைத்தேன்:
இங்கே இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

நுரையீரலின் காவலணு
கிருமியை விழுங்கியிருக்கும்.
விழுங்கப்பட்டது சாகவில்லை, குடியேறியது.
வாடகை இல்லை, வெளிச்சம் இல்லை,
கதவுக்கு உட்தாழ்ப்பாள்.
ஆனாலும் ஆள் இருக்கும் வீடு
குப்பை கொட்டாமல் இருக்குமா?
சவ்வில் சுருட்டிய நுண்பைகளாய்
வீடு வெளியே எறிகிறது:
கிருமியின் மெழுகுத்தோல் துணுக்கு,
ஒரு புரதம்,
பாதி கிழிந்த ஆர்.என்.ஏ.
கள்ளன் வாய் திறக்கவில்லை.
அவன் ஒளிந்த வீடு உளறிவிட்டது.

நாற்பத்தொன்று ஒளிர்ந்தது.

போன வாரம் பதினேழும் ஒளிர்ந்தது.
பதினேழு எங்கள் இரவுக் காவலாளி.
மூன்று கிண்ணம் ஆட்டுக்கறி சூப் குடித்துவிட்டு
படி ஏறி இறங்குகிற மனிதர்.
அவருக்குள் ஏதோ உறங்குகிறதா,
என் சோதனைதான் உளறுகிறதா,
தெரியாது.
சாட்சிக்கூண்டில் ஏற
இன்னும் வயது வராத சோதனை இது.

குழாயில் பெயர் இருக்கக்கூடாது.
இல்லை. மூடியில் மட்டும்
நீலக் குதிரை ஸ்டிக்கர்.
அழாத பிள்ளைகளுக்கு ஸொல்ஸயா கொடுப்பது,
பிள்ளை தானே ஒட்டியிருக்கிறது, தலைகீழாக.
அன்று அழாதது ஒரே ஒரு பிள்ளை.
அம்மா உயாங்கா கையெழுத்திட்ட படிவத்தில்
ஆறாவது வரி:
ஆய்வின் முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்படாது.

நான் தெரிவிக்கவில்லை.
மருத்துவர் பாத்சுரியின் கதவைத் தட்டி
அந்தப் பையனின் வயிற்று நீரை
இன்னொரு முறை எடுங்கள் என்றேன்.
காரணம் கேட்டார். எடை என்றேன்.
பொய் இல்லை.
முழு உண்மையும் இல்லை.
என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டு
எழுதிக்கொண்டார்.

வளர்ப்புக் குப்பி ஐந்து வாரம் மௌனம்.
ஐந்தாவது வியாழன் கலங்கியது.
ஓடிப்போனால், சரிவில்
அவர்கள் கூடாரம் நின்ற இடத்தில்
பனி விழாத ஒரு வட்டம்.
நடுவில் அடுப்புச் சாம்பல்.
வெள்ளை மாதப் பண்டிகைக்குத் தெற்கே போனார்களாம்.
தெற்கு என்றால் எது?
தெற்கு முழுவதும் கோபி.

ஓட்டுநர் லுவ்சான் மாத்திரைப் பெட்டியோடு போனார்.
இரண்டு இரவு சிக்னல் இல்லை.
மூன்றாம் நாள் அழைத்தார்:
கண்டுபிடித்தாயிற்று,
பையன் முதல் மாத்திரையைத் துப்பினான்,
இரண்டாவதை விழுங்கினான்.
துப்பச் சொன்னபோது விழுங்கினவன்தானே.

பின்னால் யாரோ இருமுகிறார்கள்.
யார் அது, அவனா?
இல்லை, நான்தான் என்றார்,
புகை, வேறொன்றுமில்லை.

புதுக் குழாய் ஒன்றை எடுத்தேன்.
பெயர் எழுதாமல்,
எண் எழுதினேன்.