விடுதலைப் பத்திரம்

பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு எதிர் மாடியில்
நோட்டரி தேவஇரக்கம் மேசைக்குப் பின்னால்
பழைய காலண்டரிலிருந்து வெட்டிச் சட்டமிட்ட
பிரெஞ்சுக்காரர். அவரும் பத்திரக்காரர்தானாம்.
கறுப்பு அங்கி. கஞ்சி போட்ட வெள்ளைக் கழுத்துப்பட்டி.
எண்ணெய் வண்ணத்தில்
நானூறு வருஷமாக உலராத கீழுதடு.

கட்சிக்காரர்கள் சீனியர் என்று நினைத்துக் கும்பிடுவார்கள்.
தேவஇரக்கம் மறுத்ததில்லை.

மானூர் முப்பிடாதி கும்பிடவில்லை.
அண்ணன்மார் இரண்டு பக்கமும் நிற்க,
மைப்பெட்டி திறந்திருக்க,
பெருவிரலைத் தூக்கியபடியே கேட்டாள்:
"அவுக கையில என்னமோ மடிச்சு வச்சிருக்காவளே,
அது யாரு பத்திரம்?"

"அது வெறும் படம்மா."

"படமோ என்னமோ.
இன்னும் யாருக்கும் வாசிச்சுக் காட்டலை, பாத்தியளா."

குமாஸ்தா மைப்பெட்டியை மூடலாமா என்று பார்த்தான்.

"இதையாவது வாசிங்கய்யா" என்று
முந்தியில் துடைத்தாள்,
மை படாத விரலை.