வெண்ணெய்ப் பக்கம்

கொக்குவில் சந்தி, மேல்மாடி வகுப்பு.
ஒரே மின்விசிறிக்குக் கீழே ஒன்பது பேர்.
துரதிர்ஷ்டத்துக்கான ஆங்கிலத்தை
வெண்பலகையில் எழுதுகிறேன்.

'தூறலாய் வராது மழை; வந்தால் கொட்டும்.'
"கொட்டட்டும் ரீச்சர், கிணறு ஊறும்" என்கிறாள் தர்சாயினி.
கடைசி வாங்கிலிருந்து ஓர் உறுமல்:
"தையிலை கொட்டினால் என்ரை வெங்காயத்துக்கு ஆர் பதில்?"

'பாண் விழுந்தால்
வெண்ணெய் பூசின பக்கம்தான் நிலத்தில்.'
ஒருவரும் குறிப்பெடுக்கவில்லை.
எல்லோரும் திரும்பித் தயாபரனைப் பார்க்கிறார்கள்:
ஓட்டோவில் பாட்டுப் போட்டுப் பாண் விற்கிறவன்,
விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டவன்.

"எங்கடை பாண் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒண்டுதான், ரீச்சர்.
தட்டிப்போட்டுத் தின்னுவம்."

பிறகு கேட்கிறான்,
மரத்தாலை விழுந்தவனை மாடேறி மிதிச்சதுக்கு
அவையளிட்டை என்ன இருக்கு?

தேடுகிறேன்.
மழை இருக்கிறது, பாண் இருக்கிறது,
தாச்சியிலிருந்து நெருப்புக்குள் பாய்தல் இருக்கிறது.
மாடு இல்லை.

"அப்ப நேர்முகத்திலை மாட்டையே சொல்லிறன்.
அதுக்கு முன்னாலை 'ஏ' போடுறதோ, 'த' போடுறதோ?"

'த' போடுங்கோ என்கிறேன்.
தெரிஞ்ச மாடுதானே.